காற்றைப் பார்த்து வழி போடு, கயல்

அமர்ஸ்ஃபோர்ட்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய அட்டவணையை அப்பாவும் நானும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தோம். டென் ஹாக், கிண்டர்டைக், மாஸ்ட்ரிக்ட், க்ரோனிங்கன் என்று எட்டு நாள் சைக்கிள் பயணத்தில் நெதர்லாந்தின் நாலு மூலையையும் தொட்டிருக்கிறாய். நாளுக்கு 90 கிலோமீட்டர். "மேடே இல்லாத ஊர்தானே அம்மா" என்று வேறு எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளைக்கு வார நாட்களில் லேப்டாப்பை விட்டு எழவே நேரமில்லை, நீயும் கல்லூரிக்குப் பிறகு சைக்கிளைத் தொடவில்லை. முதல் இரண்டு நாள் உற்சாகத்தில் ஓட்டிவிடுவீர்கள். மூன்றாம் நாள் உட்கார முடியாது. தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடு கண்ணு. இந்த ஒன்றை மட்டும் அம்மா பிடிவாதமாகச் சொல்வேன்.

காற்றை நீ கணக்கில் எடுக்கவே இல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பொள்ளாச்சி ரோட்டில் உன் ஸ்கூட்டியைப் பக்கவாட்டில் தள்ளும் அந்தக் காற்றை நினைத்துக்கொள். இங்கே அதற்கு மாதக் கணக்கு கிடையாது. வட கடலிலிருந்து வருவதை மறிக்க ஒரு குன்று இல்லை. ஏரிக்கரை அணைகளின் மேல் மரம்கூட இல்லை. மலைச்சாலையில் ஏறினால் பிறகு இறக்கம் வரும், மூச்சு வாங்கிக்கொள்ளலாம். எதிர்க்காற்று காலையில் பிடித்தால் சாயங்காலம் வரை விடாது. பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் அடிக்கும். அதனால் எந்த நாளில் எந்தத் திசையில் ஓட்டுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்து, தூரத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும்.

நானும் அப்பாவும் போட்ட வழி இது. மே கடைசியில், ஒரு சனிக்கிழமை தொடங்குங்கள். சைக்கிளை அமர்ஸ்ஃபோர்டிலேயே வாடகைக்கு எடுத்து, அதோடு ரயில் ஏறி ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல் போய்விடலாம். சைக்கிளுக்குத் தனி டிக்கெட் உண்டு. வார நாட்களில் காலை ஆறரை முதல் ஒன்பது வரையும், மாலை நாலு முதல் ஆறரை வரையும் ரயிலில் சைக்கிள் ஏற்ற விடமாட்டார்கள். சனி, ஞாயிறு அந்தத் தடை இல்லை. ஸ்டேஷனுக்குப் பின்புறமே ஐ என்ற நீர்ப்பரப்பின் கரை. அங்கிருந்து அக்கரைக்குப் போகும் படகுக்குக் காசு கிடையாது, சைக்கிளோடு ஏறிக்கொள்ளலாம். இப்படிப் போனால் ஆம்ஸ்டர்டாமின் டிராம் தண்டவாளங்களிலும் சுற்றுலாக் கூட்டத்திலும் சிக்காமல், கொஞ்ச நேரத்திலேயே பசுக்களும் வாய்க்கால்களும் இருக்கும் வாட்டர்லாண்டுக்குள் நுழைந்துவிடுவீர்கள். டுர்கர்டாம் வழியாக மார்க்கன். 1957இல் கரைச்சாலை போடும் வரை அது தீவு. அங்கிருந்து படகில் ஃபோலண்டாம், பக்கத்திலேயே ஏடம். முதல் நாளுக்கு இது போதும். மறுநாள் ஹோர்ன் வழியாக என்க்ஹைசன், அணைக்கரையிலேயே சுமார் 45 கிலோமீட்டர்.

நீங்கள் சுற்றப்போவது ஒரு காலத்தில் கடல். சைடர்சே என்று பெயர். நாட்டின் நடுவயிறு வரை நுழைந்திருந்த உப்புக்கடல், மீன்பிடி ஊர்களை வாழவும் வைத்தது, புயல் வந்தால் மூழ்கடிக்கவும் செய்தது. 1916 வெள்ளத்துக்குப் பிறகு அதை அடைத்தே தீருவது என்று முடிவெடுத்தார்கள். கொர்னேலிஸ் லேலி என்ற பொறியாளர் அமைச்சராக இருந்து, 1918இல் அதற்கான சட்டம் வந்தது. 32 கிலோமீட்டர் அணை 1932இல் மூடப்பட்டது. லேலி அதைப் பார்க்கவில்லை, 1929இலேயே இறந்துவிட்டார். கடல் நன்னீர் ஏரி ஆனது, உள்ளே பெரிய பெரிய பகுதிகளுக்குக் கரை கட்டி நீர் இறைத்து நிலமாக்கினார்கள். நீ ஓட்டும் பாதையின் ஒரு பக்கம் தண்ணீரும், மறுபக்கம் அதைவிடத் தாழ்வாக வயல்களும் இருக்கும். வீட்டுக்கூரை உன் கால் மட்டத்தில் தெரியும்போது சற்று நின்று பார். சொல்லிப் புரிவதைவிட நேரில் பார்த்தால் சட்டென்று புரியும்.

என்க்ஹைசனிலிருந்து லேலிஸ்டாடுக்கு ஏரிக்கு நடுவே 27 கிலோமீட்டர் அணைப்பாதை ஒன்று இருக்கிறது. வரைபடத்தில் ஆசையாக இருக்கும். வேண்டாம். ஒதுங்க அதிகம் இடமில்லாத நீண்ட கோடு அது. ஸ்டாவோரனுக்குப் படகில் போங்கள், ஒன்றரை மணி நேரத்துக்குள் அக்கரை. கோடைக்காலத்தில் மட்டும் ஓடும் படகு, நாளுக்குச் சில முறைதான், நேரத்தை முன்னமே பார்த்துக்கொள். ஸ்டாவோரன் துறைமுகத்தில் ஒரு பெண் சிலை நிற்கிறது. உலகிலேயே விலையுயர்ந்த பொருளைக் கொண்டு வா என்று ஒரு பணக்காரி தன் கப்பல் தலைவனை அனுப்பினாளாம். அவன் கோதுமையோடு வந்தான். அவள் கோபத்தில் அத்தனையையும் கடலில் கொட்டச் சொன்னாள். கொட்டிய இடத்தில் மணல்திட்டு எழும்பித் துறைமுகம் அடைபட்டு, ஊரே நொடித்தது என்று கதை. தானியத்தை வீணாக்காதே என்று உன் பாட்டி சொன்னதையே இவர்கள் சிலையாக வைத்திருக்கிறார்கள்.

ஸ்டாவோரனிலிருந்து லெம்மர் போகும் நாளில் காற்று முதுகில் இருக்க வாய்ப்பு அதிகம். கொஞ்சம் காடு, ஏரியைப் பார்த்த சிறு மேடுகள், நிதானமாக ஓட்டலாம். நாலாம் நாள்தான் கவனம். லெம்மரிலிருந்து உர்க் போகும் கரைப்பாதை தென்மேற்கே போகிறது, அதாவது காற்றுக்கு நேர் எதிராக. காற்று லேசாக இருந்தால் உர்க் வழியாகப் போங்கள், 1939 வரை தீவாக இருந்த மீனவர் ஊர். வலுவாக இருந்தால் உர்க்கை விட்டுவிட்டு உள்வழியாக ஸ்கோக்லாண்ட் வந்துவிடுங்கள். அதுவும் பழைய தீவுதான். 1859இல் கடலுக்குப் பயந்து அரசே மக்களை வெளியேற்றியது. 1942இல் சுற்றிலும் நிலமானது. இப்போது அந்தத் தீவு வயல்களுக்கு நடுவே ஒரு மேடாகக் கிடக்கிறது. இந்த நாட்டில் யுனெஸ்கோ பட்டியலில் முதலில் ஏறிய இடம் அதுதான். எனக்கு இந்த வழியிலேயே மிகப் பிடித்த இடம், ஒரு மணி நேரமாவது ஒதுக்கு. இரவு காம்பன்.

காம்பனிலிருந்து எல்பர்க், ஹார்டர்வைக், கடைசி நாள் ஸ்பாகன்பர்க், பிறகு நம் வீடு. இந்த இரண்டு நாளும் தென்மேற்கே வருவதால் எதிர்க்காற்று கிடைக்கும் என்றே வைத்துக்கொள். அதனால்தான் 40, 45 கிலோமீட்டரோடு நிறுத்தியிருக்கிறேன். ரொம்ப அடித்தால் ஏரிக்கரையை விட்டு வேலுவே காட்டுக்குள் திரும்பிவிடுங்கள், மரங்கள் காற்றைப் பிடித்துக்கொள்ளும். அதுவும் முடியவில்லையா, ஹார்டர்வைக்கில் ரயில் ஏறினால் அமர்ஸ்ஃபோர்ட் வந்துவிடலாம். ரயில் ஏறிவிட்டால் பயணம் தோற்றுவிட்டது என்று நீங்கள் இருவரும் முகத்தைத் தூக்கிக்கொள்ளக் கூடாது.

வழிகாட்டி, குழு எதுவும் இல்லாமல் எப்படிப் போவது என்று மாப்பிள்ளை கேட்டாராம். அவரிடம் சொல், சந்திகளுக்கெல்லாம் எண் போட்டிருக்கிறார்கள். காலையில் போக வேண்டிய எண்களை வரிசையாக ஒரு தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு சந்தியிலும் அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி, பெரும்பாலும் வரைபடப் பலகையும் இருக்கும். இதை முதலில் செய்தது பக்கத்து பெல்ஜியத்தில், லிம்பர்க் பகுதியில், 1995இல். சுரங்கப் பொறியாளராக இருந்த ஹூகோ போலன், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் சந்திகளுக்கு எண் போட்டிருந்ததை நினைவில் வைத்து மேலே சைக்கிள் பாதைக்குக் கொண்டுவந்தார். கூகுள் மேப் குறுக்குவழியாக மெயின் ரோட்டோரம் இழுத்துக்கொண்டு போகும். எண்கள் வாய்க்கால் ஓரமாகக் கூட்டிப்போகும். எண்களை நம்பு. போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் அபராதம், 2019 முதல் சட்டம்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும் கயல். இந்தப் பாதைகள் இந்த நாட்டில் தானாக முளைக்கவில்லை. 1950, 60களில் இங்கேயும் காருக்காகத் தெருவை அகலப்படுத்தி, சைக்கிளை ஓரங்கட்டினார்கள். 1971இல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கினார்கள், குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்ற முழக்கத்தையே இயக்கத்தின் பெயராக வைத்தார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக் கூடாது என்று அரசு உத்தரவிட்டது. வெறிச்சோடிய தெருவில் பிள்ளைகள் விளையாடினார்கள். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பணமும் திட்டமும் இந்தப் பக்கம் திரும்பின. ஏழு வயதுப் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு தனியாகப் பள்ளிக்கு ஓட்டிப்போவதை நீ வழியெல்லாம் பார்ப்பாய். அவிநாசி ரோட்டில் உன்னை நான் ஒரு நாளும் அப்படி அனுப்பத் துணிந்ததில்லை. அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெற்றோர்களுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

ரோட்டு விஷயம் சில. இங்கே எல்லாம் வலப்பக்கம். கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பார், நம் ஊர்ப் பழக்கத்தில் தலை தானாக வலப்பக்கம் திரும்பும். தரையில் வெள்ளை முக்கோணங்கள் கூர்முனை உன்னைப் பார்த்து இருந்தால் நீ வழி விட வேண்டும். எந்தக் குறியும் இல்லாத சந்தியில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. திரும்பும் முன் கையை நீட்டு. போட்டோ எடுக்க வேண்டுமா, பாதையை விட்டு முழுதாக இறங்கி நில். ஹெல்மெட் கட்டாயமில்லை, இங்கே பெரும்பாலோர் போடுவதில்லை. நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

தங்க ஹோட்டலே வேண்டும் என்றில்லை. வ்ரீண்டன் ஓப் டெ ஃபீட்ஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கட்டினால், சைக்கிளிலோ நடந்தோ வருபவர்களுக்குத் தங்கள் வீட்டில் படுக்கையும் காலைச் சாப்பாடும் தரும் குடும்பங்களின் பட்டியல் கிடைக்கும். காம்பனிலும் லெம்மரிலும் அப்படித் தங்கிப் பாருங்கள். விசாவுக்குத் தங்குமிட விவரம் காட்ட வேண்டும், அதனால் அறைகளை முதலில் முடி. 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடும் கேட்பார்கள்.

மாப்பிள்ளை சைவம் என்பதால் கவலைப்படாதே. சீஸ் ரொட்டி, பேன்கேக், ஆப்பிள் கேக் எங்கும் உண்டு. சின்ன ஊர்களில் இரவு எட்டு எட்டரைக்கே அடுப்பை அணைத்துவிடுவார்கள், வெளிச்சம் ஒன்பதரை வரை இருப்பதால் நேரம் தெரியாது, ஏமாறாதீர்கள். உர்க்கில் ஞாயிறு கடை திறக்க மாட்டார்கள். சனிக்கிழமை தொடங்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். பெரிய ஊர் வந்தால் சுரிநாம் ரொட்டிக் கடை தேடுங்கள். 1873 முதல் வட இந்தியாவிலிருந்து தென் அமெரிக்காவின் சுரிநாமில் இருந்த கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் நடத்துவது. உருளைக்கிழங்குக் கறியும் நீளக் காராமணிப் பொரியலும் வைத்துத் தருவார்கள். நாலு நாள் சீஸுக்குப் பிறகு மாப்பிள்ளைக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

மழைக்கோட்டும் மழைப் பேன்ட்டும் கொண்டு வா, குடை உதவாது. மற்றதெல்லாம் இங்கே இருக்கிறது. சைக்கிள்தான் இப்போதே சொல்லி வைக்க வேண்டும். இந்த ஊர்க்காரர்கள் உயரம் என்பதால் சைக்கிளும் உயரம், உனக்குச் சின்ன ஃப்ரேம் கேட்டு வாங்க வேண்டும். பல வண்டிகளில் பெடலைப் பின்னால் மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். அது வேண்டாம், கைப்பிரேக்கும் ஏழு கியரும் உள்ளதாகச் சொல்கிறேன். மாப்பிள்ளை உயரத்தையும் உன் உயரத்தையும், கால் உள்ளளவையும் சேர்த்து, இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பு. அப்பா திங்கட்கிழமை கடைக்குப் போகிறார்.

அன்புடன்,
அம்மா