காமாலைப் பத்தியமும் கல்லீரல் மாற்று மதிப்பீடும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உறுப்பு தானச் செய்திகள் நிறைய வருகின்றன. கல்லீரல் மாற்றுக்கு ஒருவர் தகுதியானவரா என்று எப்படிப் பார்க்கிறார்கள் என்பதோ, பல குடும்பங்களுக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

எல்லோரும் முதலில் கேட்பது மெல்ட் ஸ்கோர். கல்லீரல் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைக் காட்ட, ரத்தச் சோதனையில் வரும் பிலிருபின் (காமாலை நிறமி), ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் நேரம்), கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு), சோடியம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடும் எண்; 6 முதல் 40 வரை போகும், கூடக் கூட ஆபத்து அதிகம். 15-ஐத் தொட்டாலே மாற்று மையத்தில் காட்டிவிட வேண்டும். வயிற்றில் நீர் கோத்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, நினைவு தடுமாறினாலோ எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஆபரேஷனை உடம்பு தாங்குமா என்பதை இந்த எண் சொல்லாது. அதற்குத்தான் இதயத்துக்கு எக்கோ, நுரையீரல் சோதனை, சி.டி. ஸ்கேன் தொடங்கி சொத்தைப் பல் வரை பார்க்கிறார்கள். கைப்பிடி பலத்தை அளப்பார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்வார்கள். நம்மவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான். பெரிய காரணம் பத்தியம்.

காமாலை என்றதும் முட்டை, மீன், பருப்பு எல்லாம் நின்று, மாசக்கணக்கில் மோர்ச்சோறும் கஞ்சியுமாக ஓடுகிறது. சுருங்கிப்போன கல்லீரலால் சர்க்கரையைச் சேமித்துவைக்க முடியாது. ராத்திரி வெறும் வயிற்றில் உடம்பு தன் தசையைக் கரைத்துத்தான் சமாளிக்கிறது. எடை மெஷின் இதைக் காட்டிக்கொடுக்காது. 5 கிலோ தசை போன இடத்தில் வயிற்றில் 5 லிட்டர் நீர் சேர்ந்திருக்கும். நெற்றிப்பொட்டு குழிந்திருக்கிறதா, தோள் எலும்பு துருத்துகிறதா என்று பாருங்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. அதனால் தசை வற்றியவருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தாலும் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 0.8 என்று நார்மலாகவே இருக்கலாம், மெல்ட் எண்ணும் நிலைமையைக் குறைத்தே காட்டும்.

புரதம் நாளுக்கு, நீர் நீங்கிய எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வேண்டும். 60 கிலோ என்றால் 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான் என்பதை நினைத்தால், மோர்ச்சோறு எந்த மூலைக்கு? படுக்கும் முன் இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் பாலும் கட்டாயம் கொடுங்கள். நீர் கோத்தவர்களுக்குக் குறைக்க வேண்டியது உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் நிறுத்துங்கள். நினைவு தடுமாறியவருக்கும் புரதத்தை நிறுத்த வேண்டாம். தயிர், பருப்பு வகை அவர்களுக்கு நன்றாக ஒத்துக்கொள்ளும். மலம் நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகிப் போகும்படி டாக்டர் சொன்ன அளவில் லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்தைத் தொடர வேண்டும்.

மதிப்பீட்டுக்கு வரும் முதல் நாளே உணவு ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

- கல்லீரல் பிரிவு உணவு ஆலோசகர், சென்னை