கிர்க்கும் ஸ்போக்கும்: இது செல்போன் காலத்து வியாதி இல்ல சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

கதையில வர்றவங்கள ரசிகர்கள் இஷ்டத்துக்கு "இவன் கே, இவ லெஸ்பியன்"னு சொல்றது செல்போன் வந்தப்புறம் வந்த வியாதின்னு போன இதழ்ல ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. எனக்கு 58 வயசு, ஸ்டார் ட்ரெக் பைத்தியம், படிச்சிட்டு சும்மா இருக்க முடியல.

அது 1966ல ஆரம்பிச்ச அமெரிக்க டிவி சீரியல், விண்வெளிக் கப்பல்ல போறவங்க கதை. கப்பல் கேப்டன் கிர்க்கும், அவருக்குக் கீழ இருக்குற அதிகாரி ஸ்போக்கும் காதலர்கள்னு வச்சு ஒரு குட்டிக்கதை 1974லயே ரசிகர் பத்திரிகைல வந்துடுச்சு, அதுல பேரே சொல்லல, ஆனா யாருன்னு படிச்சவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. அப்ப செல்போன் ஏது? டைப் அடிச்சு காப்பி எடுத்து தபால்ல அனுப்பிக்குவாங்க, எழுதுனவங்க பெரும்பாலும் பொம்பளைங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சாய்வுக்கோடு போடுவாங்க, கிர்க்/ஸ்போக்னு, அந்தக் கோட்டாலதான் இந்த மாதிரி கதைக்கே ஸ்லாஷ்னு பேரு.

சீரியல உருவாக்குன ஜீன் ராடன்பெரி காதுக்கும் விஷயம் போயிருக்கணும். 1979ல வந்த படத்த அவரே நாவலா எழுதுனப்ப, ஸ்போக்கோட வல்கன் பாஷைல (வல்கன்னா ஸ்போக் சேர்ந்த வேற்றுக்கிரக இனம், அவங்களுக்கு ஏழு வருஷத்துக்கு ஒருக்காதான் அந்த ஆசை வரும்) ஒரு வார்த்தை, நண்பன், சகோதரன், காதலன் மூணுக்கும் அது ஒண்ணுதான்னு அடிக்குறிப்பு போட்டார். அதுலயே கிர்க் பேசுறார், எங்களப் பத்தி வதந்தி இருக்கு, ஆனா எனக்குப் பொம்பளைங்கதான் புடிக்கும், அதோட ஏழு வருஷத்துக்கு ஒருக்கா மட்டும் ஆசை வர்ற ஆளப் போய் ஜோடியா புடிக்க நான் என்ன முட்டாளாங்கிற மாதிரி. கழுவுற மீன்ல நழுவுற மீன் சார்! ஆனா ரசிகர்கள ஒரு வார்த்தை திட்டல பாருங்க.

அந்தப் படத்துல ஸ்போக் கட்டில்ல படுத்துக்கிட்டு கிர்க் கைய இறுக்கிப் புடிப்பார். எனக்கு எப்பவும் அது சிநேகிதம்தான். என் பொண்ணு பக்கத்துல உக்காந்து பாத்துட்டு, "அப்பா, இது லவ்வு"ன்னா. சண்டையெல்லாம் இல்ல, திருப்பி ஓட்டிப் பாத்தோம், அவ சொல்றதும் தெரியத்தான் செய்யுது.

கே ஆளுங்களே இதுக்கெல்லாம் கொடி புடிப்பாங்கன்னு கட்டுரைல இருந்துச்சு. எல்லாரும் அப்படி இல்ல சார். 2016ல வந்த ஸ்டார் ட்ரெக் படத்துல, கப்பல ஓட்டுற சுலுவுக்கு ஆம்பளத் துணைன்னு காட்டுனப்ப, பழைய சீரியல்ல சுலுவா நடிச்ச ஜார்ஜ் டகே, அவர் நிஜத்துலயே கே, ராடன்பெரி படைச்சத மாத்தாதீங்க, வேணும்னா புது ஆள உருவாக்கிக்கோங்கன்னுட்டார். எனக்கென்னவோ அதுவும் கொஞ்சம் ஓவர்தான்.

அந்த அடிக்குறிப்பு பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து இதோட வச்சிருக்கேன், கட்டுரை எழுதுனவர்கிட்ட குடுங்க. புக்க மட்டும் கேக்காதீங்க, தாள் மஞ்சளாகி உதிருது.