வீடு முழுக்க வெங்காயம்

ஏற்காடு,
ஐப்பசி.

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பதில் தாமதமானதற்கு மழைதான் காரணம் என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். ஆனால் அதில் பாதி நாள் இந்த வீட்டில் இணையம் செத்துக் கிடந்தது, அதற்குக் காரணம் நான்தான். காபிப் பழம் சிவக்கத் தொடங்கியிருக்கிறது. போன வாரம் காட்டெருமை ஒன்று வேலியைச் சாய்த்துவிட்டுப் போனது. மற்றபடி நலம்.

மூட்டுவலித் தைலத்தை ஒரே ஒரு முறை தேடியதற்கு, ஒரு மாதமாகப் போனைத் திறந்தாலே தைல விளம்பரம் வழிகிறது என்று எழுதியிருந்தாய். வீட்டு இணையப் போக்குவரத்து மொத்தத்தையும், நாம் யார் என்பதை மறைக்கும் டோர் என்ற வலையமைப்பு வழியாகத் திருப்பிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். படித்ததும் எனக்கும் கை அரித்தது. செய்து பார்த்துவிட்டேன்.

டோர் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு உன் அப்பாவின் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையை நினைத்துக்கொள். கம்பி இழுப்பவர் ஒருவர், பற்றவைப்பவர் ஒருவர், மெருகு போடுபவர் ஒருவர். நடுவில் இருப்பவருக்கு வெள்ளி யாருடையது என்பதும் தெரியாது, கொலுசு எந்த ஊர்க் கடைக்குப் போகிறது என்பதும் தெரியாது. யாரிடம் வாங்கினார், யாரிடம் கொடுக்கிறார் என்பதோடு சரி. டோரிலும் இப்படி மூன்று கணினிகள். முதலாவதற்கு என் முகவரி தெரியும், நான் போகும் இடம் தெரியாது. மூன்றாவதற்கு இடம் தெரியும், என்னைத் தெரியாது. செய்தி மூன்று அடுக்கு மறையாக்கத்தோடு கிளம்புகிறது, ஒவ்வொரு கணினியும் ஓர் அடுக்கை உரிக்கிறது. இந்த வழிக்கு வெங்காயம் என்ற பெயர் அதனால்தான் வந்தது. 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்த யோசனை இது, 2002இல் டோராக வெளிவந்தது. கடற்படை மட்டும் பயன்படுத்தினால் உள்ளே போகிறவர்கள் எல்லாம் கடற்படைக்காரர்கள் என்று தெரிந்துவிடுமே! ஊரையே உள்ளே விட்டால்தான் ஒளிந்துகொள்ளக் கூட்டம் கிடைக்கும்.

ஒரே நிறுவனத்தின் கணினி வழியாகச் சுற்றிப் போகும் வி.பி.என். போதாதா என்று கேட்பாய். அங்கே மூன்று வேலையையும் ஒரே ஆள் பார்க்கிறார், ஆகவே இரண்டு முனையும் அவருக்குத் தெரியும். வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022இல் நம் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வி.பி.என். நிறுவனங்களுக்கு உத்தரவும் போட்டது.

சீட்டுக்கட்டு அளவில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று வாங்கினேன். ரவுட்டருக்கும் வீட்டுக்கும் நடுவில் அதை உட்காரவைத்து, எது வந்தாலும் டோருக்குள் தள்ளும்படி விதி எழுதினேன். அன்றிரவு என் ஐ.பி. முகவரியை, அதாவது இணையத்தில் என்னைக் காட்டும் எண்ணைப் பார்த்தேன். மலைமேல் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருப்பவனுக்கு ஜெர்மனி முகவரி! சின்னப் பையன் மாதிரி சிரித்தேன்.

காலையில் சிரிப்பு போய்விட்டது. டோர் டி.சி.பி. வகைப் போக்குவரத்தை மட்டுமே சுமக்கும். வீடியோ அழைப்புகள் பெரும்பாலும் நம்பியிருக்கும் யு.டி.பி.யைச் சுமக்காது. பேத்தியின் முகம் உறைந்து நின்றது, பிறகு அதுவும் போனது. மின்கட்டணம் கட்டலாம் என்று உட்கார்ந்தால் வங்கிப் பக்கம் திறக்கவில்லை. டோரின் கடைசிக் கணினிகளின் பட்டியல் ஒன்றும் ரகசியமில்லை, வேண்டாம் என்று நினைக்கும் தளம் அதைப் பார்த்தே கதவை மூடிவிடலாம். திறந்த தளங்களோ, 'நீ மனிதன்தானா, போக்குவரத்து விளக்குகளைத் தொட்டுக் காட்டு' என்றன. மூன்றாம் நாள் என் மனைவி, "ஜெர்மனிக்குப் போனவர் சாப்பாட்டையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். ஒரு நாள் மாலை அந்தப் பெட்டியின் பதிவுகளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. என் போன் சும்மா மேசைமேல் கிடந்தபடியே, என் பெயரில் உள்ள மின்னஞ்சல் கணக்கைப் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே போனிலிருந்து கிளம்பும் பல செயலிகள் டோரில் ஒரே சுற்றுவழியாக, அதாவது அதே மூன்று கணினிகள் வழியாகப் போகலாம். முகமூடி போட்டுக்கொண்டு, தெருவில் எதிர்ப்படுகிற ஒவ்வொருவரிடமும் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்திருக்கிறேன். எல்லாவற்றையும் உள்ளே தள்ளினால் என்னைக் காட்டிக்கொடுப்பதும் சேர்ந்தேதான் உள்ளே போகிறது.

இன்னொன்று. நான் டோருக்குள் எங்கே போகிறேன் என்பது இணைப்பு தருகிறவருக்குத் தெரியாதே தவிர, டோருக்குப் போகிறேன் என்பது தெரியும். 2013இல் ஹார்வர்டு மாணவன் ஒருவன் தேர்வைத் தள்ளிப்போட வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பினான். டோர் வழியாகத்தான் அனுப்பினான், ஆனால் பல்கலைக்கழகத்தின் வைஃபையிலிருந்து. அந்த நேரத்தில் அங்கே டோரைப் பயன்படுத்தியவர்கள் யார் யார் என்று பார்த்தே அவனிடம் போய்ச் சேர்ந்தார்கள். இந்த மலையில் என்னைத் தவிர எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், சொல்!

பெட்டியைக் கழற்றிவிட்டேன். பழைய மடிக்கணினியில் டோர் பிரவுசர் மட்டும் இருக்கிறது. அது ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் சுற்றுவழியில் அனுப்புகிறது, அதைப் பயன்படுத்துகிற எல்லாரையும் கூடியவரை ஒரே சாயலில் காட்டுகிறது. அதில் என் பெயருள்ள எதற்குள்ளும் நுழைவதில்லை. மொத்தக் கணினியும் டோர் வழியாகத்தான் போக வேண்டும் என்றால், அதற்கென்றே செய்த டெய்ல்ஸ் என்ற இயங்குதளம் இருக்கிறது. பென் டிரைவிலிருந்து ஓடும், அணைத்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

உன் தைலத்துக்கு இவ்வளவு வேண்டாம். அந்த விளம்பரம் உன் ஐ.பி. முகவரியை மட்டும் பிடித்துக்கொண்டு வருவதில்லை. பெரும்பாலும் நீ வெளியேறாமல் விட்ட கணக்கையும் தளங்கள் பிரவுசரில் ஒட்டிவிட்ட குக்கி என்ற அடையாளச் சீட்டையும் பார்த்துத்தான் வருகிறது. கணக்கிலிருந்து வெளியேறு, பிற தளங்களின் குக்கிகளைத் தடுத்துவை. முக்கால்வாசி அடங்கும்.

தீபாவளி கழிந்து இரண்டு நாள் வந்து தங்கு. சேலத்தில் இறங்கியதும் தட்டுவடை செட் நான்கு கட்டிக்கொண்டு மேலே ஏறு, இருபது கொண்டை ஊசி வளைவுக்குள் இரண்டு செட்டாவது மிச்சமிருக்கிறதா பார்ப்போம். அந்தத் தைலத்திலும் ஒரு பாட்டில் வாங்கி வா. குளிருக்கு எனக்கும் முழங்கால் பிடிக்கிறது, ஆனால் நான் அதைத் தேடப்போவதில்லை.

உன் பங்காளி