கும்பெனித் தோட்டத்தில் நீ சாய்ந்து நின்ற சிலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் ஊரறிய இங்கே எழுதுகிறேன்.

போன வாரம் மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயியிலிருந்து ஒரு படம் அனுப்பினாய். பின்னால் விழுது தொங்கும் ஆலமரம், பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் சிலை, அதன் பீடத்தில் கையை ஊன்றிக்கொண்டு நீ. கீழே "யாரோ பெரிய மனுஷன்" என்று எழுதியிருந்தாய். அதையே டி.பி.யாகவும் வைத்துவிட்டாய். உன் அம்மா என்னிடம் போனைக் காட்டி, "இவருதான் அவன் முதலாளியாடா?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், அக்கா கேட்டதில் பெரிய தப்பில்லை.

பீடத்தில் பெயர் இருக்கிறதே, படித்தாயா? அத்ரியான் தெப்பினே. வக்கீல். 1832-ல் 'லெ செர்னேயன்' என்ற பத்திரிகையைத் தொடங்கியவர். மொரிஷியஸில் பத்திரிகைச் சுதந்திரம் என்று பேச்செடுத்தால் இவர் பெயர் வரும். அதே மனிதர்தான் அடிமைகளை வைத்திருந்த தோட்ட முதலாளிகளுக்காக லண்டன் வரை போய் வாதாடினார். 1835 பிப்ரவரி 1-ல் அடிமை முறை ஒழிந்தது. இந்த வருடம் அன்றைக்கு லீவு என்று சொல்லி நாள் முழுக்கத் தூங்கினாயே, அதே பிப்ரவரி 1. நஷ்டஈடாகச் சுமார் 20 லட்சம் பவுன் கொடுத்தார்கள். யாருக்கு? முதலாளிகளுக்கு. முதுகு உடைய உழைத்தவர்களுக்கு ஒரு காசு கிடையாது. அதற்கு மேலும் சில வருடங்கள் பழைய எஜமானிடமே 'பயிற்சி' என்ற பெயரில் வேலை செய்ய வேண்டும் என்று வேறு சட்டம்.

சிலையைச் செய்தவர் யார் தெரியுமா? அவருடைய சொந்தப் பிள்ளை, ப்ரோஸ்பர் தெப்பினே. அப்பனுக்குப் பிள்ளை செய்த சிலை. கைதேர்ந்த சிற்பி, அதில் சந்தேகமில்லை. துறைமுகத்தைப் பார்த்து நிற்கிறாரே லபூர்தொனே, அந்தச் சிலையும் அவர் கைவேலைதான்.

லபூர்தொனே நமக்கு அந்நியர் இல்லை. 1735-ல் அந்தத் தீவுக்கு கவர்னராக வந்து போர்ட் லூயியை ஊராக்கியவர். அதற்குப் புதுச்சேரியிலிருந்து நம் கொத்தர்களையும் தச்சர்களையும் கப்பலேற்றினார். 1746-ல் அங்கிருந்து படையோடு வந்து சென்னையைப் பிடித்தவரும் அவரே. நீ வேலைக்குப் போன ஊரின் பழைய சுவர்களில் முதல் கல்லை வைத்தவர்களில் தமிழர் உண்டு. கூலித் தமிழர்கள் போனதெல்லாம் அதற்கு நூறு வருடம் கழித்துத்தான்.

நீ நின்ற இடத்துக்குப் பெயரே கும்பெனித் தோட்டம். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பெனிக்காரர்கள் காய்கறி போட்ட இடம், பூங்காவானது பிறகு. சிலைகள் நிற்கிற மண்ணில் ஒரு காலத்தில் கீரைப்பாத்தி இருந்தது என்பது எனக்கு ஏனோ ரொம்பப் பிடித்திருக்கிறது. நம் இலவம்பாடி முள்ளு கத்திரியை அங்கே யாரும் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சந்தையில் முருங்கைக்கீரையை என்ன சொல்லி விற்கிறார்கள் என்று கேட்டுப் பார். 'பிரெட் முரும்' என்பார்கள். கப்பலில் போன நம் முருங்கை அவர்கள் வாயில் முரும் ஆகிவிட்டது.

அடிமை முறை ஒழியப்போகிறது என்றதும் கரும்புத் தோட்டங்களுக்கு வேறு ஆள் தேவைப்பட்டது. 1834 நவம்பர் 2-ல் 'அட்லஸ்' கப்பலில் கல்கத்தாவிலிருந்து 36 பேர் போய் இறங்கினார்கள். பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல் கப்பலாகப் போனார்கள். மொத்தத்தில் நாலரை லட்சம் பேர். அவர்கள் ஏறிப்போன படிகள் இன்னும் இருக்கின்றன: ஆப்ரவாசி காட், 16 படி. யுனெஸ்கோ 2006-ல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. கும்பெனித் தோட்டத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

தோட்டத்துக்குள்ளேயே மணிலால் டாக்டர் சிலையும் இருக்கிறது. பெயரைப் பார்த்து வைத்தியர் என்று நினைத்துவிடாதே, வக்கீல். காந்தி சொல்லி 1907-ல் அங்கே போய், கூலிகளுக்காகக் கோர்ட்டில் நின்றவர். ஒரே தோட்டத்தில் இரண்டு வக்கீல்கள். நீ போய்ச் சாய்ந்தது முதலாளிகளின் வக்கீல் மேல்.

உன்னை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நம் வேலூர் மக்கான் சிக்னலில் சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூணைத் தாண்டித்தான் பத்து வருடம் பள்ளிக்கூடம் போனாய். ஒரு நாளாவது நின்று பார்த்தாயா? நானும்தான் பார்க்கவில்லை. 1806 ஜூலை 10-ல் கோட்டைக்குள் செத்த சிப்பாய்களுக்குத் தனித்தனியாக முகமோ சிலையோ கிடையாது, எல்லாருக்கும் சேர்த்து ஒரு தூண்தான்.

இன்னொன்று. பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் சின்ன வயதில் ஓடிப்பிடித்து விளையாடியிருக்கிறாய். அங்கே அடங்கியிருப்பவர் கண்டியின் கடைசி அரசர் விக்கிரம ராஜசிங்கன். ஆங்கிலேயர் அவரை நம் கோட்டையில் சிறை வைத்தார்கள், 1832-ல் இங்கேயே இறந்தார். அவரைக் கவிழ்க்க ஆங்கிலேயரோடு கைகோத்த மந்திரி எகலப்பொல. அவரையும் அதே ஆங்கிலேயர் சந்தேகப்பட்டு நாடு கடத்தினார்கள். எங்கே? நீ இருக்கிற மொரிஷியஸுக்கு. 1829-ல் அங்கேயே செத்தார். அரசன் நம்மூரில், மந்திரி உன்னூரில். இதை ராத்திரி பதினோரு மணிக்குப் படித்துவிட்டு உன் அத்தையை எழுப்பிச் சொன்னேன், திட்டுதான் கிடைத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தெப்பினே சிலை அங்கேயே இருக்கட்டும், அதைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் பேசிக்கொள்வார்கள். நீ டி.பி.யை மட்டும் மாற்று. ஞாயிற்றுக்கிழமை போய் மணிலாலைத் தேடிப் பிடி. பக்கத்து மியூசியத்தில் டோடோ பறவையின் எலும்புக்கூடு இருக்கிறது, அதையும் பார். அப்படியே அந்தப் 16 படிக்கு நடந்து போய் ஒரு படம் எடு. படியில் சாய வேண்டாம், உட்கார்ந்துகொள்.

அக்காவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உன் முதலாளி நல்ல உயரம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
மாமா
வேலூர்