ஆரம்ப சுகாதார நிலைய ஆய்வகங்களில் தினசரி கன்ட்ரோல் சோதனையை முறைப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்
ஆரம்ப சுகாதார நிலைய ஆய்வக நுட்புநர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

பெறுநர்
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
மாவட்ட சுகாதார அலுவலகம்.

பொருள்: ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) கன்ட்ரோல் சீரம் வழங்குதல், கன்ட்ரோல் தவறிய நாளில் முடிவை நிறுத்திவைக்க எழுத்துப்பூர்வ ஆணை, தினசரி வரைபடத் தாள் – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பது தமிழ்நாட்டில் 2007 முதல் நடைமுறையில் உள்ளது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறோம். 140 மி.கி. வந்தால் கர்ப்பகால நீரிழிவு. 139 வந்தால் இல்லை. உணவுக் கட்டுப்பாடா, மருந்தா, மேல்சிகிச்சைக்கு அனுப்புவதா என்பதெல்லாம் அந்த ஓர் எண்ணிலிருந்து தொடங்குகிறது. அந்த எண்ணைத் தந்த செமி ஆட்டோ அனலைசர் (ரத்த மாதிரியை அளக்கும் இயந்திரம்) அன்று காலை சரியாக இருந்தது என்பதற்கு, மதிப்பு முன்பே தெரிந்த கன்ட்ரோல் சீரத்தை விட்டால் வேறு சாட்சி கிடையாது. அந்தச் சாட்சி இப்போது பதிவேட்டின் கட்டத்தை நிரப்ப மட்டுமே பயன்படுகிறது. இந்த மனு அதைப் பற்றியது.

கன்ட்ரோல் பெட்டியோடு வரும் சீட்டில் ஒரு வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். பல இயந்திரங்களுக்கும் பல ஆய்வகங்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் அதை அகலமாகத்தான் போடுவார்கள். உதாரணத்துக்கு, சர்க்கரைக்கு நடுமதிப்பு 92, வரம்பு 76 முதல் 108 வரை என்று வைத்துக்கொள்வோம். அதே கன்ட்ரோலை ஒரே இயந்திரத்தில் 20 நாள் போட்டுக் கணக்கிட்டால் சராசரி 92, எஸ்டி (திட்ட விலக்கம்: மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) 2.4 என்று வரலாம். அப்படியானால் அந்த இயந்திரத்தின் 2 எஸ்டி வரம்பு 87.2 முதல் 96.8 வரை, 3 எஸ்டி வரம்பு 84.8 முதல் 99.2 வரை. ஒரு நாள் 105 வந்தால் சீட்டின்படி அது 'ஓகே'. அந்த இயந்திரத்தின் கணக்கிலோ 5 எஸ்டிக்கும் அப்பால் போய்விட்ட மதிப்பு. சீட்டைப் பார்த்து டிக் போடும் வரை இது யார் கண்ணிலும் படாது.

இதைவிடச் சிக்கலானது மெதுவாக நகரும் பிழை. அடுத்தடுத்த பத்து நாட்களில் கன்ட்ரோல் 93, 94, 93, 95, 94, 95, 95, 96, 95, 96 என்று வருவதாகக் கொள்வோம். எந்த மதிப்பும் 2 எஸ்டியைத் தாண்டவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குறை சொல்ல முடியாது. வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால்தான் பத்தும் நடுக்கோட்டுக்கு ஒரே பக்கம் நிற்பது தெரியும். ஒன்பதாம் நாளிலேயே, தொடர்ந்து நான்கு புள்ளிகள் 1 எஸ்டியை (94.4) தாண்டியாயிற்று. கடைசி ஐந்து நாள் சராசரி 95.4, அதாவது சுமார் 3.7 சதவீதம் கூடுதல். இந்தக் கூடுதல் மேல் அளவுகளிலும் அதே விகிதத்தில் இருந்தால், உண்மையில் 136 உள்ள தாய்க்கு 141 என்று தாளில் எழுதித் தருவோம். அன்றிலிருந்து அவர் கர்ப்பகால நீரிழிவு நோயாளி. பிழை கீழ்ப்பக்கம் நகர்ந்திருந்தால், நோயுள்ள தாயை ஒன்றுமில்லை என்று அனுப்பியிருப்போம்.

இந்த வரைபடம் புதிதல்ல. அமெரிக்கப் பொறியாளர் வால்டர் ஷூஹார்ட் 1924இல் தொலைபேசிக் கருவி உற்பத்திக்காக வரைந்தது. 1950இல் லீவியும் ஜென்னிங்ஸும் மருத்துவ ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1981இல் வெஸ்ட்கார்ட் அதற்கான விதிகளைத் தொகுத்தார். சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் விருதையே வாங்கியது. பிரேக் பாகத்துக்குக் காட்டும் கவனத்தைத்தான் ரத்த மாதிரிக்கும் கேட்கிறோம்.

வரம்பை 2 எஸ்டி என்று இறுக்கிவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. இரண்டு அளவுக் கன்ட்ரோல் (இயல்பு அளவு ஒன்று, உயர் அளவு ஒன்று) போடும் ஆய்வகத்தில், இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லாமலே 100 நாளில் சுமார் 9 நாள் ஏதாவது ஒன்று 2 எஸ்டியைத் தாண்டும். அப்போது திரும்பப் போட்டால் பெரும்பாலும் உள்ளே வந்துவிடும். 'திரும்பப் போடு, வந்துடும்' என்ற பழக்கம் இப்படித்தான் பிறக்கிறது. நிஜமாகவே பழுது வரும் நாளிலும் அதே பழக்கத்தில் மூன்று முறை, நான்கு முறை போட்டு, உள்ளே வந்த ஒன்றை மட்டும் பதிவேட்டில் ஏற்றிவிடுகிறோம். எஸ்டி 2.4 உள்ள இயந்திரத்தில் சுமார் மூன்று நாளுக்கு ஒரு நாள் மதிப்பு 1 எஸ்டிக்கு வெளியே போவது இயல்பு. மாதம் முழுக்க 92, 92, 93, 92 என்று இருக்கும் பதிவேடு சந்தேகத்துக்குரியது. ஆய்வின்போது பாராட்டு வாங்குவதும் அதே பதிவேடுதான் என்பது வேடிக்கை.

ஆகவே 2 எஸ்டியை எச்சரிக்கையாக மட்டும் கொள்ள வேண்டும். முடிவை நிறுத்த வேண்டிய தருணங்கள் வேறு: ஒரு கன்ட்ரோல் 3 எஸ்டியைத் தாண்டுவது; ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு மதிப்புகள் 2 எஸ்டியைத் தாண்டுவது; ஒரே ஓட்டத்தில் (இரண்டையும் ஒன்றாகப் போடும்போது) ஒரு கன்ட்ரோல் மேலே 2 எஸ்டியையும் மற்றது கீழே 2 எஸ்டியையும் தாண்டுவது; மேலே சொன்ன நான்கு புள்ளி, பத்துப் புள்ளி நகர்வுகள். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் கைப்பிழையாக இருக்கும்: ஃப்ளோ செல்லில் (கரைசலை இயந்திரம் அளக்கும் சிறு அறை) குமிழி, பிப்பெட்டில் தளர்ந்த டிப், சரியாகக் கலக்காத குழாய். இரண்டும் ஒரே பக்கம் போனால் இயந்திரத்தையோ ரீஏஜென்ட்டையோ (பரிசோதனைக்கான வேதிக்கரைசல்) பார்க்க வேண்டும்.

எந்தப் பரிசோதனை தவறியது என்பதே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். சர்க்கரை மட்டும் ஒரே நாளில் எகிறினால் காரணம் புது ரீஏஜென்ட் லாட் அல்லது புது ஸ்டாண்டர்டு (இயந்திரத்தின் அளவை நிர்ணயிக்கும் கரைசல்). எஸ்ஜிபிடி போன்ற என்சைம் பரிசோதனைகள் மட்டும் இறங்கினால் 37 டிகிரி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். 340 நானோமீட்டரில் படிப்பவை மட்டும் ஆடத் தொடங்கினால் விளக்கு வயதாகிவிட்டது. ஹாலஜன் விளக்கு முதலில் பலம் இழப்பது அந்த அலைநீளத்தில்தான். எல்லாப் பரிசோதனைகளும் ஒன்றுபோல 2 சதவீதம் இறங்கினால் இயந்திரத்தைத் தொட வேண்டாம்: 5 மி.லி. தண்ணீர் விட வேண்டிய கன்ட்ரோல் குப்பியில் 5.1 மி.லி. விழுந்திருக்கும்.

பொடியாக வரும் கன்ட்ரோல் கெடுவது பெரும்பாலும் அதைக் கரைக்கும் கையில்தான். சிரிஞ்சில் அளந்து தண்ணீர் விடுவது, நுரை வரக் குலுக்குவது, அரை மணி நேரம் வைக்காமல் உடனே போடுவது, வெளிச்சத்தில் வைத்துப் பிலிரூபினை இழப்பது, உறைந்ததை உருக்கி மீண்டும் உறைய வைப்பது. தானாகப் பனி நீக்கும் ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் அவ்வப்போது சூடேறி இறங்குவதால் கரைத்த கன்ட்ரோலைப் பிரித்து அதில் வைத்த சிறுகுப்பிகளை நம்ப முடியாது.

எஸ்டி கணக்கிலும் ஒரு பொறி உண்டு. 2 எஸ்டியைத் தாண்டியவற்றை எல்லாம் நீக்கிவிட்டு எஸ்டி போட்டால் வரம்பு மாதாமாதம் சுருங்கும். கடைசியில் நல்ல இயந்திரமும் தினமும் தவறும். காரணம் கண்டுபிடிக்கப்பட்ட பிழையை மட்டுமே நீக்கலாம்.

இவற்றைக் கருதி, தங்கள் வழியாகக் கொள்முதல் பிரிவுக்குப் பரிந்துரைக்கக் கோருவது முதலில் ஒரே லாட். பாதி ஆண்டில் லாட் மாறினால் சேர்த்த சராசரியும் எஸ்டியும் பயனற்றுப் போகும். நாளுக்கு 0.5 மி.லி. என்றால் எங்கள் பரிசோதனைகளுக்குப் போதும், 5 மி.லி. குப்பி 10 வேலை நாள் வரும். ஆண்டுக்கு 300 வேலை நாள் எனக் கொண்டால் ஓர் ஆய்வகத்துக்கு அளவு ஒன்றுக்கு 30 குப்பி. லாட் மாறும்போது பழையதையும் புதியதையும் 20 நாள் சேர்த்து ஓட்ட 2 குப்பியும், உடைசலுக்கு 3 குப்பியும் கூட்டி 35. இரண்டு அளவுக்கும் 70 குப்பிகள், வழங்கும் நாளில் குறைந்தது 14 மாதம் காலாவதி மீதம் இருக்கும்படி. கூடவே 5 மி.லி. கண்ணாடி வால்யூமெட்ரிக் பிப்பெட் ஒன்றும், வட்டார அளவில் பனி நீக்கும் வசதி இல்லாத மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசர் ஒன்றும் வேண்டும்.

பணம் செலவாகாத, ஆனால் மிக முக்கியமான கோரிக்கை எழுத்துப்பூர்வ ஆணை. மேற்சொன்ன விதிகளில் ஒன்று மீறப்பட்டால் அந்தப் பரிசோதனையின் முடிவை நிறுத்திவைக்கவும், மருத்துவ அலுவலருக்குத் தெரிவித்து அவசர மாதிரிகளை அடுத்த நிலையத்துக்கு அனுப்பவும் ஆய்வக நுட்புநருக்கு அதிகாரம் வேண்டும். வாசலில் நாற்பது பேர் நிற்கும்போது வாய்மொழி அனுமதி நிற்காது. கன்ட்ரோல் தவறியதை உள்ளபடி பதிந்தவரிடம் விளக்கம் கேட்கக் கூடாது என்பதும் அந்த ஆணையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய 92, 92, 93 திரும்பிவிடும்.

தற்போதைய பதிவேட்டுக்குப் பதில், பரிசோதனைக்கு ஒன்றாக மாத வரைபடத் தாளும், ஒவ்வொரு மறு ஓட்டத்தையும் காரணத்தோடு எழுதும் தாளும் அச்சிட்டுத் தரக் கோருகிறோம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி நடத்துவது போன்ற வெளித் தர மதிப்பீட்டுத் திட்டத்தில் வட்டாரத்துக்கு ஓர் ஆய்வகத்தையாவது சேர்க்கலாம். ஆனால் அதன் அறிக்கை பின்னால்தான் வரும். தினசரி கன்ட்ரோலுக்கு அது மாற்றல்ல.

கன்ட்ரோல் காட்டாத ஒரு பிழையையும் சொல்லிவிட வேண்டும். முகாமில் எடுத்த ரத்தம், அணுக்கள் பிரிக்கப்படாமல் கிடந்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறையும். 147 ஒரு மணி நேரத்தில் 138 ஆகிவிடும். சர்க்கரை குறையாமலிருக்கப் பயன்படும் ஃப்ளோரைடு குழாயும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் இதை முழுமையாகத் தடுக்காது. முகாம் வண்டியில் ஐஸ் பெட்டியும், ரத்தம் எடுத்த நேரத்தைக் குழாயில் எழுதும் வழக்கமும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

மேற்கண்ட கோரிக்கைகளின் மீது ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆய்வக நுட்புநர்கள்

இணைப்பு: மாதிரி வரைபடத் தாள் – 1, மறு ஓட்டப் பதிவுத் தாள் – 1, கையொப்பத் தாள் – 1.