கடல் மட்டும்தான் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் இலங்கை மீதான அந்நியப் படையெடுப்புகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சோழர், கலிங்க மாகன், சாவகத்துச் சந்திரபானு, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்), ஆங்கிலேயர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போய், நாலு பக்கமும் கடலாக இருந்ததால்தான் எவரும் இலகுவாக வந்து இறங்கினார்கள் என்று முடித்திருந்தது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

வந்து இறங்குவது வேறு, ஆளுவது வேறு. போர்த்துக்கேயர் 1505இல் வந்தபோது அவர்களிடம் நாட்டைப் பிடிக்கிற அளவுக்குப் படை இருக்கவில்லை. 1521இல் கோட்டை என்ற இராச்சியத்தின் அரசன் விஜயபாகுவைக் கொன்று மூன்று மகன்மாரும் இராச்சியத்தைப் பங்கு போட்டார்கள், பிறகு சீதாவாக்கையில் இருந்த மாயாதுன்னை அண்ணன் புவனேகபாகுவின் பங்குக்கும் ஆசைப்பட, அண்ணன் போர்த்துக்கேயரிடம் போய் அடைக்கலம் தேடினான். பேரன் தர்மபாலனின் பொற்சிலையை லிஸ்பனுக்கு அனுப்பி, அங்கே 1543இல் போர்த்துக்கல் மன்னன் கையால் அந்தச் சிலைக்கு முடி சூட்டுவித்தது எவ்வளவு பெரிய வெட்கம்! அந்தத் தர்மபாலன் 1580இல் கோட்டை இராச்சியத்தையே போர்த்துக்கல் மன்னனுக்கு எழுதிக் கொடுத்தான். இதில் கடல் என்ன செய்தது?

யாழ்ப்பாணமும் விலக்கல்ல. நம்மவர் கதை என்பதற்காக மூடி வைக்கக் கூடாது. 1591இல் போர்த்துக்கேயர் அரசனைக் கொன்று தங்களுக்குப் பிடித்த எதிர்மன்னசிங்கனை அரியணையில் இருத்தினார்கள். அவன் இறந்ததும் சங்கிலி குமாரன் அரச குடும்பத்திலேயே பலரைக் கொன்று ஆட்சியைப் பிடித்தான். தஞ்சாவூரிலிருந்து உதவிப் படை வந்தும் பயனில்லை, 1619இல் போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேறா யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொண்டான், சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள்.

கண்டியை மலையும் காடும் காத்தன என்பார்கள். சரி, 1594இல் தந்துரையிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படையை அழித்த கண்டி, 1803இல் ஆங்கிலேயரையும் முறியடித்தது. அதே மலையும் காடும் 1815இலும் அங்கேதானே இருந்தன? கண்டி அரசன் தன் பிரதானி எகலப்பொலையின் மனைவி பிள்ளைகளைக் கொன்றதும், எகலப்பொலை ஆங்கிலேயர் பக்கம் போனதும், மற்றப் பிரதானிகளும் அரசனைக் கைவிட்டதும்தான் வித்தியாசம். பெரிய சண்டை எதுவும் இல்லாமலே படை கண்டிக்குள் நுழைந்தது. போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரைக் கூட்டி வந்தவனும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன்தான். 1656இல் கொழும்பு விழுந்ததும் ஒல்லாந்தர் அதைத் தங்களுக்கே வைத்துக்கொண்டார்கள்.

இதனால் வந்தவர்களின் குற்றம் குறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நல்லூர்க் கோயிலை இடித்ததும், திருக்கோணமலையில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டியதும் போர்த்துக்கேயர்தான், அதை மறக்கவும் முடியாது. ஆனால் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிப்பது 'இவர் வந்தார், இவர் பிடித்தார்' என்கிற வெறும் ஆண்டுப் பட்டியலாகவே இருக்கிறது. பத்திரிகையாவது அதைத் தாண்டி எழுத வேண்டாமா?

அப்புறம் இன்னொன்று. முழுக் கட்டுரையிலும் யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே உள்ள வன்னி என்ற பகுதியின் பெயரே வரவில்லை. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலேயரை அங்கிருந்து விரட்டிய வன்னித் தலைவன் பண்டாரவன்னியனுக்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம். இந்தக் கட்டுரையின் தொடர்ச்சியை வெளியிடும் எண்ணம் இருந்தால், அரசவைகளுக்குள் நடந்ததையும் வன்னியில் நடந்ததையும் விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்