முடிக்காமல் பேசுகிற மனிதர்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். பதில் தாமதத்துக்கு மன்னிப்பெல்லாம் கேட்கப்போவதில்லை. போன தீபாவளிக்கு நீ போட வேண்டிய கடிதமே இன்னும் வந்து சேரவில்லை. மீசைக்காரருக்குப் பேத்தி பிறந்திருக்கிறது. பெயர் வைப்பதில் வீடு மூன்று கட்சியாகப் பிரிந்து நிற்கிறதாம். ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்து மேடை நகைச்சுவைக்காரர் பில்லி கானலியின் துண்டு வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, "பேசிக்கொண்டே போறான், ஒரு ஜோக்கையாவது முடிக்கிறானா?" என்று எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். முடிக்காமல் போவதுதான்டா அவர் தொழில். பிரியாணியில் ஒரு பருக்கையைத் தின்றுவிட்டு உப்பில்லை என்கிறாய்.

ஆள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஆண்டர்ஸ்டன் பகுதியில் 1942-இல் பிறந்தவர். பதினைந்து வயதில் பள்ளியை விட்டவர். பிறகு கிளைட் நதிக்கரைக் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர் வேலை. ஜோக் சொல்லத் தெரிந்தவன் வேறு, இயல்பிலேயே வேடிக்கையான ஆள் வேறு என்பதை அங்கேதான் பார்த்ததாகப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தத் தொழிலாளிகள் துணுக்கு சொல்வதில்லை. நேற்று நடந்ததை இன்று சொல்வார்கள், அதிலேயே வயிறு வலிக்கும். 1965-இல் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஹம்பிள்பம்ஸ் என்ற நாட்டுப்புற இசைக்குழுவைத் தொடங்கினார். பின்னால் பாடகர் ஜெரி ராஃபர்டியும் சேர்ந்தார். பாட்டுக்கு முன்னுரையாகப் பேசிய பேச்சு நீண்டு நீண்டு பாட்டையே விழுங்கிவிட்டது. 1971-இல் குழு கலைந்தபோது பேச்சுதான் மிஞ்சியது. அந்தப் பேச்சு கடைசிவரை முன்னுரை மாதிரியே இருந்ததைக் கவனி.

எப்படிச் செய்கிறார் என்றால், முதலில் ஓர் இடம், ஓர் ஆள், ஒரு பொருள். இந்த மூன்றையும் துல்லியமாக நட்டு வைப்பார். பொருளுக்கு வேலை வருவதற்குச் சற்று முன்னால் வேறெதையோ பார்த்து நின்றுவிடுவார். அது இன்னொன்றுக்குப் போகும், அதற்குள் ஒரு குரல், ஒரு நடை, தன் சிரிப்பையே அடக்க முடியாமல் ஒரு திணறல். பார்க்கிறவன் முதல் கதையை மறந்தேபோன நேரத்தில் அந்தப் பழைய பொருள் திரும்ப வந்து நிற்கும். சிரிப்பு பாதி நகைச்சுவைக்கு, பாதி "அட, மறக்கவில்லையே இவர்" என்பதற்கு. இவரைப் பார்த்துக் கிளை தாவுகிற இளசுகள் கவிழ்வது இங்கேதான். நடாமலே தாவுகிறார்கள், திரும்பிவரச் சொந்த ஊர் இல்லை. இன்னொரு தவறு, திரும்பியதும் "நான் சொன்னேனே, ஞாபகமிருக்கா?" என்று கேட்பது. கேட்டால் செத்தது.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சிலுவைப்பாடு பற்றிய அவருடைய நீண்ட கதையைக் கேள். 1974-இல் இசைத்தட்டாகவே வந்தது. பைபிளில் அச்சுப்பிழை, இயேசுவின் கதை நடந்தது கலிலேயாவில் இல்லை, கேலோகேட்டில் என்று ஆரம்பிப்பார். கேலோகேட் கிளாஸ்கோவின் தெரு. கடைசி இராப்போஜனம் அந்தத் தெருவின் சாரசன் ஹெட் மதுக்கடைக்கு வந்துவிடும். உள்ளூர்க்காரனுக்கு அந்தக் கடையின் வாசனைவரை தெரியும் என்பதால் அரைவாசி வேலையை அவனே செய்துவிடுகிறான். இது தெய்வ நிந்தனை என்று ஜாக் கிளாஸ் என்ற பாதிரியார் பல வருடம் எதிர்ப்புத் தெரிவித்தார்.

வேடிக்கை என்னவென்றால், பிரிட்டன் முழுக்க அவரைத் தெரியவைத்தது நீ கேட்கிற மாதிரி கச்சிதமாக முடிகிற ஜோக்தான். 1975-இல் மைக்கேல் பார்க்கின்சன் நடத்திய தொலைக்காட்சிப் பேட்டி நிகழ்ச்சியில், சொல்லாதே என்று மேனேஜர் தடுத்தும் சொன்னது. மனைவியைக் கொன்று புதைத்தவன் பிருஷ்டத்தை மட்டும் ஏன் மண்ணுக்கு வெளியே விட்டான்? சைக்கிள் நிறுத்த இடம் வேண்டுமாம். இன்றைக்கு எனக்கே நெருடுகிறது. ஆனால் கட்டுமானத்தைப் பார்: சைக்கிள் என்ற சொல் கடைசி வரி வரை எங்குமே கிடையாது. அதே வருடம்தான் வாழைப்பழ வடிவ பூட்ஸ் போட்டுக்கொண்டு மேடையேறியதும்.

சிரிப்புக்கு அடியில் இருந்தது வேறு. நாலு வயது வாக்கில் தாய் விட்டுப்போனார். வளர்த்த அத்தைகளில் ஒருவரிடம் ஓயாத அடியும் அவமானமும். தந்தையால் பாலியல் கொடுமை. 2001-இல் மனைவி பமீலா ஸ்டீஃபன்சன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் இது வெளியே வந்தது. தந்தை இறந்து பல வருடம் ஆகியிருந்தது. அதுவரை அந்த வீட்டையும் மேடையில் வைத்து ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டுதான் இருந்தார். குடியை 1985 முடிவில் விட்டவர் பிறகு தொடவே இல்லை.

மாப்ளே, என்னைப் போட்டு வதைப்பது இதற்கு அடுத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் ஹோட்டலில் முன்பின் தெரியாத மருத்துவர் ஒருவர் அவர் நடையைப் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் என்ற நடுக்க நோயாக இருக்கலாம், சோதித்துப் பாருங்கள் என்றாராம். 2013-இல் அதுவும் புராஸ்டேட் புற்றுநோயும் ஒரே வாரத்தில் உறுதியாயின. புற்றுநோயை அறுவை சிகிச்சை தீர்த்தது. மற்றது தீராது. இடது கை நடுங்கி பாஞ்சோ போனது. அதைவிட மோசம், மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்தது. நாற்பது வருடம் தடம் தவறுவதுபோல் ஆடிக்காட்டிய மனிதருக்கு நிஜமாகவே தடம் தவறினால் கூட்டத்துக்கு எப்படித் தெரியும்? கலையா, நோயா என்று பிரிக்கவே முடியாத இடம் அது. அதற்குப் பிறகும் ஒரு முழுச் சுற்றுப்பயணம் போனார், நடுக்கத்தையே விஷயமாக்கிக்கொண்டு. 2017-இல் சர் பட்டம், எழுபத்தைந்தாம் பிறந்த நாளுக்குக் கிளாஸ்கோவில் மூன்று பெரிய சுவரோவியங்கள். 2018-இல் மேடை போதும் என்றார். இப்போது படம் வரைகிறார்.

துண்டு வீடியோவை விடு. 1985-இல் தொலைக்காட்சிக்காகச் செய்த 'ஆன் ஆடியன்ஸ் வித் பில்லி கானலி'யை முழுதாகப் பார். கிளாஸ்கோ உச்சரிப்பு பிடிபடக் கால் மணி நேரமாவது ஆகும், சப்டைட்டில் போட்டுக்கொள். உன் மாமனார் ஹாலில் இருக்கும்போது போட்டுத் தொலைக்காதே, வாய்க்கு வாய் கெட்ட வார்த்தை. பார்த்தபின் ஒரு வரி எழுது. "சூப்பர்" என்று மட்டும் எழுதினால் பதில் கிடையாது.

உன்,
கு.